அல்

மிதெல்த் நகரில் இன்றைக்கு இரவுக்கடை இத்தோவுடையது.
வாசலில் பச்சைப் பிறை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது,
ஸ்டார்ட்டர் போய் மூன்று மாதம்.

ஒன்றரை மணிக்கு பாஸ்ஸூ வருகிறான்,
ஆப்பிள் லாரியின் தகரம் கிழித்த உள்ளங்கையைத்
தலைப்பாகை நுனியில் சுருட்டிப் பிடித்தபடி.
அவள் புட்டியைத் திறக்கிறாள்.
நெடி வந்ததும் கையை இழுத்துக்கொள்கிறான்.

"அது வேண்டாம். விட்டுப் பதினொரு மாதம்."
"குடிக்கவா சொன்னேன்?"
"பெயரே ஆகாது எனக்கு."

பெயரா, என்கிறாள் இத்தோ, பஞ்சை நனைத்தபடி.
அது கண்ணிலிருந்து எடுத்துப்போன பெயர்.
குஹ்ல்.
கல்லை இடித்து, சலித்து, மறுபடி இடித்து,
விரலிடுக்கில் இருக்கிறதா இல்லையா என்று
சந்தேகம் வரும்வரை அரைத்த கருப்பு.
கண் வைத்தியருக்கே முன்பு கஹ்ஹால் என்று பெயர்,
மையிடுகிறவர்.
அந்த நைப்புக்காகத்தான் ரசவாதிகள் சொல்லைக் கடன் வாங்கினார்கள்,
எதை அப்படிப் பொடித்தாலும் அல்-குஹ்ல்.
கடல் தாண்டியதும் பொடிப்பது மறந்துபோயிற்று,
எதன் சாரத்தை எடுத்தாலும் அதே பெயர்.
பிறகு யாரோ திராட்சை மதுவைக் காய்ச்சி
ஆவியைப் பிடித்து
அதற்கும் வைத்தார்கள்.
கல் போயிற்று, கருப்பு போயிற்று, கண்ணும் போயிற்று.
அல் மட்டும் கூடவே போயிற்று,
திருடிய சட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஹேங்கர் மாதிரி.

கெட்டிக்காரத் திருடனை இந்தப் பக்கத்தில்
கண்ணிலிருக்கும் மையைத் திருடுகிறவன் என்பார்கள்.
வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன்.

இதை எழுதுகிற என் மொழியில் அல் என்றால் இரவு.
கண்ணுக்கு இடுவது மை.
அதே மை ஒரு சொல்லின் வாலில் ஒட்டினால்
ஆள் கரைந்து குணம் நிற்கும்:
தனி, தனிமை. வெறு, வெறுமை.
சாரம் வடிக்க எங்களுக்கு அடுப்பு வேண்டியிருக்கவில்லை.
தற்செயல்தான், ஒலிக்கு ஒலி உறவு கிடையாது.
சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பாஸ்ஸூ எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.
எரிச்சலில் பல்லைக் கடித்து, அது அடங்கியபின் சொல்கிறான்:
"எங்கள் வீட்டில் அது தஸூல்த். குஹ்ல்கூட இல்லை.
என் அம்மாவிடம் யாரும் எதையும் திருடவில்லை."

இத்தோ முதல் முறையாகச் சிரிக்கிறாள்.
அவள் வீட்டிலும் தஸூல்த்தான்.
குஹ்ல் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தது.
அப்பா மிப்லாதென் சுரங்கத்தில் ஈயக்கல் வெட்டினார்.
டன் டன்னாகத் துறைமுகம் போனது போக
சாப்பாட்டுத் தூக்கில் ஒரு துண்டு வீட்டுக்கு வரும்,
தட்டினால் சதுரம் சதுரமாகப் பிளந்து
ஒவ்வொரு பக்கத்திலும் உன் முகத்தைக் கொஞ்சம் காட்டும் கல்.

கல்லாவுக்கு மேலே அவள் கையெழுத்தில் ஒரு தாள்:
குழந்தைகள் கண்ணில் இடாதீர்கள்.
ஈயம் ரத்தத்தில் ஏறும்.

பாஸ்ஸூ தாளைப் படிக்கிறான்.
அவள் இமைகளைப் பார்க்கிறான்.
மறுபடி தாளை.
"மையிட வந்து குருடாக்கிவிட்டுப் போனான் என்பார்களே."
"நான் குழந்தை இல்லை."
கட்டை இறுக்கி முடிச்சுப் போடுகிறாள்.
அவள் தரப்பு வாதம் அவ்வளவுதான்.

சில்லறை இல்லாமல் பதினாறு ஆப்பிளை
மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.
இரண்டில் வண்டு.

மிச்சத்தை அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வந்தபோது
அவனே சொன்னது.
ஸெய்தா சாவடியில் லாரியை ஓரம் கட்டச் சொல்லி
ஜன்னலுக்குள் தலையை விட்ட காவலர்
முகர்ந்து பார்த்து, என்ன வாடை இது, என்றாராம்.
கட்டுப்போட்ட கையை உயர்த்தி
இவன் சொன்னானாம்,
"கண் மை, ஐயா."

டார்ச்சை நேராக அடித்து
வெகுநேரம் அவன் கண்களைப் பார்த்தாராம்,
ஒன்றும் இடாத,
இரண்டு ராத்திரி மூடாத,
சிவந்த கண்கள்.

"இறங்கு" என்றாராம்.